இல்லாத ஜுரத்துக்கு ஒரு ஜெபம்

பிலடெல்ஃபியா
4 ஏப்ரல் 1847

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் சுகம். நாலு வரி எழுதினால் உங்கள் மாவுக்கடை முழுகிவிடாது.

போன வாரம் கப்பலில் வந்த நம் ஊர் மேயோக்காரர்கள் ஒரு சேதி சொன்னார்கள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஜுரமாம். என் மாமியார் வாசலில் மண்டியிட்டு ஜெபித்ததும் இறங்கிவிட்டதாம். டெர்மட் அழுதே விட்டார். "எங்கம்மா ஜெபம்னா சும்மாவா"ன்னு துறைமுகம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறார்.

ஜுரத்தை ஏன் எழுதவில்லை? உருளைக்கிழங்கு விளைச்சலெல்லாம் அழுகிப்போச்சே, மாமிக்குக் கூழாவது ஊத்துங்கன்னு கேட்டிருந்தேனே, ஊற்றினீர்களா?

உங்கள் அன்புத் தங்கை
சபீனா

மேயோ
20 மே 1847

அன்புத் தங்கை சபீனாவுக்கு,

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. எங்களுக்கு ஜுரமே வரவில்லை.

நம் ஊரில் சாப்பாட்டு வேளையில் எவன் கதவைச் சாத்துவான்? நான் சாத்தினேன். திறந்து வைத்தால் பானை காலியாகும்வரை ஆள் வருகிறது. உச்சிவேளையில் கூழைக் கரண்டியில் எடுக்கும்போது வெளியே உன் மாமியார் ஊனா அம்மாளின் குரல்.

"சாப்பிடுற நேரத்துல மாலக்கி வீட்டுக் கதவு சாத்திக்கிடக்கே. ஜுரம்தான், பாவம்."

"கிட்டப் போகாதீங்க பெரியம்மா, ஒட்டிக்கும்." இது பக்கத்து வீட்டு மார்ட்டின்.

"ஒட்டினா அதுக்குத்தான் நஷ்டம். என் உடம்புல தின்ன என்ன இருக்கு?"

மண்டியிட்டு எங்கள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபித்தார். பாறையில் பொறுக்கிய சிப்பியை, அதுதான் அன்றைக்கு அவர் சாப்பாடு, எங்கள் படியில் வைத்துவிட்டுப் போனார். அப்போதாவது திறந்திருக்கலாம். திறந்தால் நல்ல உடம்போடு கூழ் குடிப்பதைப் பார்த்துவிடுவாரே. வெட்கத்தில் எழுந்திருக்கவில்லை.

ஜுர வீடு என்று அவரே ஊரெல்லாம் சொன்னதால் ஒரு வாரம் எவரும் கையேந்தி வரவில்லை. பொய் சொல்வானேன், சௌகரியமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் நான் கடை திறந்ததும் ஜெபம் பலித்துவிட்டதென்று ஊர் பேசியது; அங்கே வந்த கப்பல்காரர்கள் அந்தச் சேதியோடுதான் கிளம்பினார்கள். ஐந்தாம் நாள் கடற்கரைப் பாதையில் அவர் உடல் கிடந்தது. அடக்கத்துக்குப் போனேன். "உங்க வீட்டையே காப்பாத்தின புண்ணியவதி" என்று ஆளாளுக்கு என் கையைப் பிடித்தார்கள். தலையாட்டினேன்.

டெர்மட்டிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு முகமில்லை.

மாலக்கி

பிலடெல்ஃபியா
11 ஜூலை 1847

அண்ணா,

டெர்மட்டுக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் கடிதங்களை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். இதை மனசுக்குள் படித்து முடிக்கும்போது, "அம்மாவைப் பத்தி என்ன எழுதியிருக்கார்?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அம்மா உங்கள் மேசையில் வயிறாரச் சாப்பிட்டு, உங்கள் வீட்டுப் படுக்கையிலேயே நிம்மதியாகக் கண் மூடினார் என்று வாசித்தேன்.

வெகுநேரம் அழுதார். பிறகு, "உங்கண்ணன் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

இனி கடிதம் போடாதீர்கள். வந்தால் வாசிக்கச் சொல்வார். என்னிடம் இன்னொரு பொய் இல்லை.

சபீனா