அப்பாவுக்கு வாங்கிய பிரிண்டர்

மாதா கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போன அப்பாவும் அம்மாவும் இன்னும் திரும்பவில்லை. மலையிலிருந்து இறங்கும் சேலம் பஸ்சுக்கு ரூபிக்கு நேரமாகிவிட்டது. நேற்று அவள் வாங்கி வந்த பிரிண்டரைப் பார்த்ததுமே அப்பா லூர்துராஜுக்குக் கோபம். "ஒண்டிக்கடை வரைக்கும் நடக்க எனக்குக் காலில்லையா?" என்றவர், அப்புறம் அவளோடு பேசவே இல்லை. போன மாத மழையில், டாக்டர் போனில் அனுப்பிய மருந்துச் சீட்டைப் பிரிண்ட் எடுக்க ஒண்டிக்கடை முக்கிலுள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போய் அவர் வழுக்கி விழுந்திருந்தார்.

கதவிடுக்கில் செருகி வைக்க ரூபி ஒரு தாளை எடுத்து எழுதினாள்.

"அப்பா, சோறும் கறிக்குழம்பும் அடுப்பு மேலயே இருக்குதுங்க. சாவி பக்கத்துல மேனகாக்கா ஊட்ல. கோவிச்சுக்காதீங்க. இந்தப் பிரிண்டர்ல கறுப்பு மட்டுந்தான் வரும், அதனால வெல கம்மி. மை ஊத்தறது வாங்குனா, நீங்க எப்பவாச்சும் எடுக்கறதுக்குள்ள காஞ்சு அடைச்சுக்கும். இது பவுடருங்க, காயாது. ஒண்டிக்கடைக்கு டீ குடிக்கத் தாராளமாப் போங்க. மழையில மட்டும் வேண்டாம்."

அடியில் நெருக்கி இன்னும் ஒரு வரி சேர்த்தாள். "அம்மாவுக்கு ஒரு கோயில் பாட்டைப் பெரிய எழுத்துல எடுத்து வெச்சிருக்கேன்."

பஸ் மலையிறங்கும்போது போன் அடித்தது. அம்மா அற்புதம் பேசினாள்.

"கண்ணு, பாட்டு முழுசும் நானே படிச்சுட்டேன்! ஒரு எழுத்துகூட மங்கலாத் தெரியல!"

ரூபி பதில் சொல்வதற்குள் போன் கைமாறியது. அப்பா மெதுவாகக் கேட்டார்.

"சாமி, உங்கம்மாளுக்கு இன்னொரு பாட்டு வேணுமாம். எந்தப் பட்டனை அமுக்கோணும்?"