வெள்ளையாக வந்த மேற்குக் கரை

தஞ்சாவூர்,
மார்ச் இரண்டாம் வாரம்.

அன்புள்ள குந்தவைக்கு,

அனிட்டா எழுதுவது. வீட்டில் நானும் கிளாட்சனும் சுகம். நார்வேயில் பனி விட்டதா, உன் மூச்சுத் தொல்லை குறைந்ததா என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும். போன் இருக்கும்போது இவ்வளவு நீளமாக ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ சொல்வதில் என் மனம் நிற்காது. உன் குரல் மாறுகிறதா என்றுதான் கவனித்துக்கொண்டிருப்பேன். அது நம் இருவருக்குமே நல்லதில்லை.

நம் லேப் கம்ப்யூட்டருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுவிட்டார்கள். போட்டவர் புகழேந்தி. நீ போன பிறகு கல்லூரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர். முத்துப்பேட்டை நிலத்தடி நீர் அறிக்கையைக் கலெக்டர் ஆபீஸில் கொடுக்க வேண்டிய நேரம், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் வந்து பார்த்தால், நாம் வரைபடம் போடும் சாப்ட்வேர் திறக்கவே இல்லை. ஐகானைத் தட்டினால் ஒரு சின்ன ஜன்னல் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடுகிறது.

புகழேந்தியின் மச்சானுக்குக் கோரையாற்றின் மேற்குக் கரையில் இறால் குட்டைகள் இருப்பதை அட்டெண்டர் காளியம்மாள் அன்றைக்கே என் காதில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு எதுவுமே தற்செயலாகத் தெரியவில்லை. நம் பழைய படத்தில் மேற்குக் கரை முழுக்கச் சிவப்பு. குட்டைகளால் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது என்பதற்கு அந்தச் சிவப்புதான் சாட்சி. அதைக் காட்டித்தான் புதுக் குட்டைகளுக்கு அனுமதி தரக்கூடாது என்று விவசாயிகள் கேட்க இருந்தார்கள்.

சரிசெய்யவும் அவரையேதான் கூப்பிட வேண்டியிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை. சாப்ட்வேர் ஓடத் தேவையான ஏதோ லைப்ரரி ஃபைல் இல்லை என்றது. அதைப் போட்டால் இன்னொன்று கேட்டது. அதையும் போட்டால், இரண்டும் ஒத்துப்போகாது என்று நின்றுவிட்டது. பழைய பதிப்பு இந்தச் சிஸ்டத்தில் ஓடாது, புதுப் பதிப்புதான் போடணும் என்றார். நம்பாமல் என் போனில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதையேதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். புதுப் பதிப்பு திறந்தது. ஊர்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக வந்தன. தமிழ் எழுத்துருவைச் சேர்த்ததும் முத்துப்பேட்டை மறுபடியும் முத்துப்பேட்டையாகத் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது.

பிறகு படத்தை வரைந்தார். கிழக்குக் கரை பழையபடி மஞ்சளும் சிவப்புமாக வந்தது. மேற்குக் கரை வெறும் வெள்ளை.

நான் கத்திவிட்டேன், குந்தவை. யாருக்காக அழித்தீர்கள் என்று மாணவர்கள் முன்னாலேயே கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "மேடம், நான் எதையும் அழிக்கலைங்க. பழைய பதிப்பு, அளவு எடுக்காத இடத்துக்கும் பக்கத்து நிறத்தை இழுத்து ரொப்பிடும். புதுசு வெள்ளையா விட்டுடும். மேற்குப் பக்கம் உங்க டேட்டாவிலேயே ஒரு கிணறுகூட இல்லைங்க" என்றார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீ கிளம்பும்போது மெயிலில் அனுப்பிய டேட்டா, அவர் கைபடாதது, என் வீட்டு லேப்டாப்பில் இருந்தது. திறந்து பார்த்தேன். கிழக்கே நான் அலைந்து அளந்த கிணறுகள் எல்லாம் இருந்தன. மேற்கே ஒன்றுமில்லை. கிழக்கு எனக்கு, மேற்கு உனக்கு என்றுதானே பிரித்துக்கொண்டோம். படம் வரைவது உன் வேலை. வரைந்ததைத்தான் பார்த்தேன். உள்ளே இருக்கும் எண்களைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை முத்துப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். மீரா உசேன் என்ற விவசாயியின் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை என்று நீ ஒருமுறை சொல்லியிருந்தாய். அவரைத் தேடிப் பிடித்தேன். நாம் அளவெடுத்த அந்தக் கோடையில் இங்கே அளக்க வந்தார்களா என்று கேட்டேன். "அளக்க யாரும் வரலையேம்மா. ஒரு பொண்ணு வந்துச்சு. கையில அளக்கிற பெட்டி வச்சிருந்துச்சு, தொறக்கவே இல்ல. வரப்புல நின்னு போன்ல பேசிப் பேசி அழுதுச்சு. உப்புத் தண்ணிம்மான்னு சொல்லியும் ஒரு வாய் வாங்கிக் குடிச்சிட்டுப் போயிடுச்சு" என்றார்.

அவர் கிணற்றை நானே அளந்தேன். கடுமையான உப்பு. அதே கரையில் ஆற்றை விட்டுத் தள்ளிப் போய் அளந்த கிணறுகளில் நல்ல தண்ணீர். நம் படத்தில் அவையும் சிவப்புத்தான்.

புகழேந்தியிடம் அதே மாணவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லைங்க என்றார். ஆனால் இப்போது என் லேபுக்குத் தனியாக வருவதில்லை. யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டுதான் வருகிறார். அறிக்கையில், அளந்த இடத்துக்கு மட்டும் நிறம் கொடுத்து, மற்றதை வெள்ளையாகவே விட்டுக் கொடுத்தேன். விவசாயிகள் சங்கத்தில் என்னைப் பார்த்து, "நீங்களும் குட்டைக்காரங்க பக்கம் சாஞ்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். கலெக்டர் ஆபீஸில் அனுமதி பற்றிய முடிவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதற்குள் மேற்குக் கரையை அளந்து முடிக்க வேண்டும். கிளாட்சன் பைக்கில் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

மனதில் உள்ளதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் படத்தைக் காட்டித்தானே உனக்கு நார்வே வேலை கிடைத்தது என்று ஒரு நாள் நினைத்தேன். வேறு எங்கேயாவது எண்களை வைத்திருக்கிறாயோ, அனுப்ப மறந்தாயோ என்று மறுநாள் நினைத்தேன். இன்னும் எதையும் முழுதாக நம்ப முடியவில்லை. அறிக்கையில் உன் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கல்லூரியில் சொன்னார்கள். எடுக்கவில்லை.

அளந்திருந்தால் எண்களை அனுப்பு. அளக்கவில்லை என்றால் கிணறுகளைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். அன்றைக்கு அந்த வரப்பில் நின்று யாரோடு பேசினாய், ஏன் அழுதாய் என்று மட்டும் எழுது. அன்று மாலை பஸ்ஸில் என் பக்கத்தில்தானே உட்கார்ந்து வந்தாய்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன்,
அனிட்டா