பறக்கும் பலகையும் என் ஞாயிற்றுக்கிழமைகளும்

சம்பந்தி,

கொஞ்ச நாளாக என் வீடு முழுக்கப் பிசின் நெடி. தலையணையில் அடிக்கிறது, சேலையில் அடிக்கிறது, காலையில் குடிக்கிற பால் ஊற்றாத சாயத்தண்ணியிலும் அடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னக்கா, பெயின்ட் அடிக்கிறீங்களா?" என்று கேட்கிறார்கள். "பெயின்டா? எங்க பேரன் பறக்குற பலக கட்டுறான்!" என்று நான் வாசலுக்கே வந்து, லயத்து வரிசை வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்கிறேன்.

இதே நெடி ஒரு காலத்தில் உங்கள் சேலையில் இருந்தது. ஒரு வளைகாப்பு வீட்டில் நீங்கள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் மல்லிகைப் பூவும் பவுடருமாக மணக்க, உங்கள் மேல் மட்டும் பிசின். "பேரனோட வேல சம்பந்தி, துணில ஒட்டிக்கிச்சு, போகமாட்டேங்குது" என்றீர்கள். நான் கேட்கவே இல்லை. கேட்காமல் சொன்னீர்களே, அதுதான் எனக்கு அன்று சோறு இறங்கவிடவில்லை.

உங்கள் மகளை என் மகனுக்குக் கட்டினோம். பிறந்தது சசி ஒருவன்தான். அவன் படித்து முடித்துப் பதுளையில் அலுமினிய ஜன்னல் செய்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அப்பா அம்மா கொழும்பில் இருந்தார்கள். உங்கள் தெமோதரையிலிருந்து பதுளைக்குப் போய்வருவது லேசு. அதனால் வேலை நாளெல்லாம் உங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளைக்கு ரயில் ஏறி என்னிடம் வருவான். வேலை நாள் உங்களுக்கு, ஞாயிறு எனக்கு. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிக்கவில்லை, அப்படியே நடந்து வந்தது. ஆறு நாளை விட்டுக்கொடுத்தவளுக்கு ஒரு நாள் மேல் எவ்வளவு ஆசை இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலா இருந்தது?

ஞாயிறு விடிந்தால் நான் ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் அரைத்து, ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவேன். ரயில் பனிக்குள்ளிருந்து வரும். அவன் கதவில் தொங்கிக்கொண்டே கை காட்டுவான். அந்தக் கையை அந்தப் பலகை பிடுங்கிக்கொண்டது.

அது என்ன பலகை என்று கேட்பவர்களுக்கு இப்போது நானே விளக்கம் சொல்கிறேன். மேலே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் குட்டைப் பலகை. அடியில் ஒரு நீளக் கால். காலின் நுனியில், தண்ணீருக்குள், பருந்து விரித்த மாதிரி ஓர் இறக்கை. கயிறு கட்டி இழுத்தால், வேகம் பிடித்ததும் இறக்கை எல்லாவற்றையும் மேலே தூக்கிவிடும். பலகை தண்ணீரைத் தொடாது, ஆள் அந்தரத்தில் போவான். கடலில் வெள்ளைக்காரர்கள் அப்படிப் போவதைப் போனில் பார்த்துவிட்டு நம் பிள்ளைக்கும் ஆசை வந்தது. விலைக்கு வாங்க நாம் என்ன தொரை வீடா? வீட்டிலேயே செய்கிறேன் என்று இறங்கிவிட்டான். கடையில் மிஞ்சிய அலுமினியம் கால் ஆனது. மீன் பெட்டி செய்கிற வெள்ளை நுரைக்கட்டையை இழைத்து, கண்ணாடி நார்த் துணியைப் போர்த்தி, பிசின் பூசினால் பலகை. இறக்கைதான் சிரமம். மரத்தில் செதுக்கி, உப்புத்தாள் போட்டுப் போட்டு வழவழவென்று ஆக்கவேண்டும். ஒரு பக்கம் அரிசியளவு தடித்தாலும் ஆளைக் கவிழ்த்துவிடுமாம்.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேத்தண்ணி குடித்த கையோடு உங்கள் வாசலில் உட்கார்ந்துவிடுவான். நீங்கள் எதிரே உட்கார்ந்து பலகையின் மறுமுனையை இரண்டு காலாலும் இடுக்கிப் பிடித்துக்கொள்வீர்கள். நான் அதைப் பார்த்தது ஒரு பொங்கலுக்கு முதல் நாளே வந்தபோது. மலையில் நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த கால், வலிக்குமே என்று ஒரு முகச்சுளிப்பு உண்டா? இல்லை. வாயில் வெற்றிலை, மடியெல்லாம் வெள்ளைத் தூள். அவன் "கொஞ்சம் தூக்கு அம்மாயி" என்கிறான், தூக்குகிறீர்கள். "எறக்கு" என்கிறான், இறக்குகிறீர்கள். உங்களை அவன் "நீ" என்பான். என்னை "நீங்க" என்பான். மரியாதை என்று ஊர் சொல்லும். எனக்கு எதற்கு அந்த மரியாதை?

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பேப்பர் வாசிப்பேன், பஸ் பலகை வாசிப்பேன். நீங்கள் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். "எதையாச்சும் வாசிச்சுச் சொல்லணும்னா நான் இருக்கேன்டா" என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன். "எல்லாமே இங்கிலீசு வீடியோ அப்பாயி. எனக்கே பாதி வெளங்கல" என்றான். ஆக, என் படிப்புக்கு அங்கே வேலை இல்லை. உங்கள் முழங்காலுக்கு இருந்தது.

சரி, என் வீட்டுக்கு வந்து செய்யட்டும் என்று கூப்பிட்டேன். வாசல் பெரிசு, தொந்தரவு செய்ய ஆளில்லை. அதற்கு அவன், "ஒங்க ஊர்ல பிசின் காயாது அப்பாயி. எந்நேரமும் பனி" என்றான். நீங்கள் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினீர்கள், என்னமோ அப்புத்தளைப் பனியை நானே அடுப்பில் காய்ச்சி வெளியே விடுகிற மாதிரி. உங்கள் ஊர் வெயில்மேல் எனக்கு அன்றிலிருந்து கோபம்.

முதல் தடவை தண்ணீரில் இறக்கிய நாள் உங்களுக்கு மறந்திருக்காது. உங்கள் தோட்டத்துக் குளம். குளக்கட்டில் அவன் கூட்டாளி குமார் மோட்டார் சைக்கிளோடு நின்றான். சைக்கிளுக்கும் சசி கைக்கும் நடுவே கயிறு. நம் இரண்டு பேருக்கும் குளக்கட்டிலேயே சாக்கு விரித்தார்கள். அரைவாசித் தோட்டம் வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

குமார் ஓட்டினான். கயிறு விறைத்தது. பலகை ஆடி ஆடிப் போய் ஒரு பக்கமாகச் சாய, பிள்ளை தண்ணீருக்குள் விழுந்தான். திரும்ப ஏறினான், திரும்ப விழுந்தான். பலகை எழும்பவே இல்லை. குமார் குளக்கட்டிலிருந்து கத்தினான்: "டேய், நீ என்ன பலகைக்கா கால் வச்சிருக்க, நங்கூரமாடா அது?" சனம் சிரித்தது. சசி சிரிக்கவில்லை. அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. எத்தனை மாதத்து வேலை அது என்று அங்கே தெரிந்தவர்கள் நாம் மட்டும்தான். நீங்கள் வெற்றிலையை மெல்லாமல் வாயிலேயே வைத்திருந்தீர்கள். நான் எல்லாக் கோபத்தையும் விட்டுவிட்டு, எழும்பிவிடு எழும்பிவிடு என்று மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவன் பலகையைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துப் போட்டான். பார்த்தால், இறக்குகிற அவசரத்தில் யார் கண்ணிலும் படாமல், காலின் அடியில், இறக்கைக்குக் கொஞ்சம் மேலே, கறுப்புக் கயிற்றில் ஓர் எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு. புது லொறிக்குக் கட்டுகிற மாதிரி திருஷ்டிக் கயிறு! தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டு போகவேண்டிய காலில் பழத்தைக் கட்டித் தொங்கவிட்டால் எப்படி எழும்பும்?

"யாரு கட்டுனது?" என்று கேட்டுக்கொண்டே அவன் நிமிர்ந்தான். நிமிர்ந்து யாரைப் பார்த்தான்? என்னை. "அப்பாயி, நீங்களா?" என்றான். முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள், "நாந்தாண்டா கட்டுனேன். வெடியக் காலைல கோயில்ல வச்சுக் கும்பிட்டுட்டுக் கட்டுனேன். சக்கரமிருந்தா சக்கரத்துல கட்டலாம், இதுக்கு எங்கடா கட்டுறது?" என்றீர்கள்.

அவ்வளவுதான். பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஈர உடம்போடு வந்து உங்களைக் கட்டிப் பிடித்தான். குமார் சைக்கிளை விட்டு இறங்கிச் சிரித்தான். குளமே சிரித்தது. ஒரு நாளைக் கெடுத்தவருக்கு அத்தனை கொண்டாட்டம்! நான் கட்டியிருந்தால், "ஏன் அப்பாயி இப்படிச் செய்றீங்க" என்று ஒரு வார்த்தையோடு விட்டிருப்பான். உங்கள் பிழைகூடச் செல்லம் சம்பந்தி. என் நல்லதுகூட மரியாதை.

கயிற்றை அறுத்துவிட்டு அவன் திரும்ப இறங்கியபோது, நான் உங்கள் பக்கம் சரிந்து மெல்லக் கேட்டேன்: "யாரு கண்ணுக்குப் பயந்து கட்டுனீங்க?"

நீங்கள் குளத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமலே சொன்னீர்கள்: "ஒங்க கண்ணுக்குத்தான் சம்பந்தி. வேற யாரு என் வீட்ட அப்படிப் பாக்குறா?" சொல்லிவிட்டு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, என் கையில் வைத்தீர்கள்.

இன்னொருத்தியாக இருந்தால் எழுந்து போயிருப்பேன். எனக்கு அப்போது வந்தது கோபம்கூட இல்லை. என்னை இவ்வளவு சரியாகப் பார்த்து வைத்திருக்கிறாளே என்று ஒரு திகைப்பு. வெற்றிலையை வாயில் போட்டு மென்றேன். அதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் பலகை தண்ணீருக்கு மேலே! கீழே ஒரு கம்பிக் கீறல்போல அந்தக் கால் மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. அவன் முழங்காலை மடக்கி, கொக்கு மாதிரி சத்தமில்லாமல் போகிறான். குளக்கட்டில் பாதி தூரம்கூடப் போகவில்லை, விழுந்துவிட்டான். நீங்கள் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டீர்கள். என் மோதிர விரல் மூன்று நாள் வீங்கியிருந்தது.

அதோடு என் ஞாயிறுகள் போயின. வேலை இல்லாத நாள் அது ஒன்றுதான், போயா என்று பௌர்ணமி லீவு வந்தால் இன்னொன்று. அவன் குளத்தை விட்டு வரமாட்டான். "நாள் பூரா அடுத்தவன் வீட்டு ஜன்னல அளக்குறேன் அப்பாயி. அந்தரத்துல நிக்குற அந்தக் கொஞ்ச நேரந்தான் எனக்கு" என்றான். ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு நானே ரயில் ஏறித் தெமோதரைக்கு வரத் தொடங்கினேன். என் பேரனைப் பார்க்க உங்கள் ஊருக்கு விருந்தாளியாக! நீங்கள் என் ரொட்டியைப் பிட்டுத் தின்றுவிட்டு, "உப்பு ஒரு கல்லு கூட" என்பீர்கள். தின்னாமல் விட்டதில்லை. அவன் எழும்பினால் நீங்கள், "என் வாசல்ல பொறந்த பலக" என்பீர்கள். நான், "கால் நீளம் எங்க பக்கத்து வாகு, அதான் நிக்குறான்" என்பேன். இப்படியே எத்தனை ஞாயிறு அந்தச் சாக்கில் உட்கார்ந்து சண்டை போட்டோம்!

காய்ச்சல் என்று பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை. சாவு வீட்டிலும் நீங்கள் என்னை முந்திக்கொண்டீர்கள். பேரன் நெய்ப்பந்தம் பிடித்து உங்களைச் சுற்றி வந்தான். வயதில் மூத்தவள் நான். அந்தப் பந்தம் முதலில் எனக்கல்லவா பிடித்திருக்கவேண்டும்? அழுகிற கூட்டத்தில் நின்றுகொண்டு நான் இதைத்தான் நினைத்தேன். அழவும் அழுதேன்.

அதற்குப் பிறகு அவன் குளத்துப் பக்கமே போகவில்லை. பலகை உங்கள் சுவரில் சாய்ந்து கிடந்து, வெயிலில் வெடித்துப்போனது. மழைக்காலம் ஒன்று முழுசாகப் போனது. நான் சமாதானம் சொன்னேன், அதட்டினேன், கோயிலுக்குக் கூட்டிப் போனேன். ஒன்றும் ஆகவில்லை. உங்கள் சாவுக்கு ஒரு பலகையையே சாய்த்து வைத்தான். என் சாவுக்கு எதைச் சாய்த்து வைப்பான் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டவள் நான்.

உங்கள் வீட்டில் இப்போது உங்கள் மகன் குடும்பம். சசி பதுளையில் குமாரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் நுரைக்கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு என் வாசலில் வந்து நின்றான். "அப்பாயி, இங்க ஒண்ணு கட்டவா?" என்றான். நான் வழியை விட்டு நின்றேன்.

அவன் சொன்னது சரிதான், இங்கே பிசின் காயமாட்டேன் என்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான், "இன்னும் ஒட்டுது அப்பாயி" என்கிறான். "ஒட்டட்டும். ரொட்டி தின்னு" என்கிறேன். வெயில் ஊரில் ஒரு நாளில் முடிகிற வேலைக்கு அடுத்த வாரமும் வரவேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பனியை இனி யாரும் குறை சொல்லக்கூடாது. மறுமுனையை நானே காலால் இடுக்கிப் பிடித்தேன். மூட்டு கெஞ்சியது. "அம்மாயி இன்னும் இறுக்கிப் புடிக்கும்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன்.

போன ஞாயிறு புதுப் பலகையை அதே குளத்தில் இறக்கினான். குமார் இழுத்தான். முதல் இழுப்பிலேயே எழும்பிவிட்டது சம்பந்தி. கட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் போனான், கயிற்றை விட்டுவிட்டு அதற்கப்புறமும் கொஞ்ச தூரம் தானாகவே மிதந்து போனான். கரையேறினவன் பலகையைப் புல்லில் போட்டுவிட்டு நேரே என்னிடம்தான் வந்தான். நனைந்த உடம்போடு பக்கத்தில் உட்கார்ந்து, தலையை என் தோளில் சாய்த்தான். "ஒங்க வீட்டுப் பலக அப்பாயி இது. பழசவிட நல்லா போகுது" என்றான்.

பழசைவிட. என் காதால் கேட்டேன். எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை!

உடனே நான் திரும்பிப் பார்த்தேன், உங்கள் முகம் எப்படிக் கறுக்கிறது என்று பார்க்க. புல்தான் இருந்தது. ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

ஜெயித்ததைக் காட்ட ஆளில்லாமல் நான் அந்தக் குளக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். உங்களைப் பார்த்து வயிறெரிய உங்களுக்கு நான் இருந்தேன். எந்த ஞாயிறும் தவறாமல் ரயில் ஏறி வந்து எரிந்தேன். என்னைப் பார்த்து எரிய எனக்கு யார் இருக்கிறார்கள்? இந்த ஒன்றிலும் நீங்களே கொடுத்துவைத்தவர் சம்பந்தி. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.