பேற்றறையின் கூரையில் குடியிருப்போர் குறித்துப் பெருந்தேவியார் விடுத்த ஓலை

மழை தவறாது பெய்க; ஏரிக்கரைகள் உறுதியாய் நிற்க; மலைநாட்டு அடுப்பு ஒன்றும் அணையாதிருக்க.

தாழைமுகத்து நகரிலிருந்து நீர்வேலி நாட்டை ஆளும் அலைவென்ற பெருமானின் பட்டத்தரசி, பெருந்தேவி முகிழ்நங்கையார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகன் அம்பலவன் எழுதியது. கருங்குன்றக் கோட்டைக்கு உரியவரும், மூன்று போர்களில் முன்னணி நின்றவரும், பெருந்தேவியாரின் ஒரே மகள் செருந்தி நங்கையைக் கைப்பிடித்தவருமான வெற்பரையர் ஏறனார் கண்டு தெளிக. குன்றத்துச் சுனைகளும் குடிகளும், ஏழாந்திங்கள் நடக்கும் நங்கையும், அவள் வயிற்றில் வளரும் செல்வமும் நலமே வாழ்க.

ஏறனார் விடுத்த ஓலை நேற்று முற்பகல் வந்து சேர்ந்தது. நங்கையின் மகப்பேற்றுக்கென ஒதுக்கிய பேற்றறையின் கூரையில் வௌவால்கள் அடைந்திருப்பதும், பகலெல்லாம் கீச்சொலி கேட்டு நங்கை ஓய்வின்றிக் கண்ணீர் விடுவதும், எலிகளும் உடன் குடியேறி மயிர் முளைக்காத குஞ்சொன்று தரையில் விழுந்ததும் அதில் கண்டிருந்தன. ஏழாந்திங்களில் தகப்பன் தன் கையாலேயே பேற்றறையின் பொத்தல்களைச் சுண்ணம் பூசி அடைக்கும் நம் நாட்டு வழக்கப்படி வருகிற வெள்ளிக்கிழமை நாள் குறித்திருப்பதும், ஓருயிரும் சாகலாகாது என்று அவை அந்தியில் இரைதேடிப் பறந்த பிறகே அடைக்க எண்ணியிருப்பதும் கண்டிருந்தன. யானைப்படைக்கு அசையாத மருகர் கட்டைவிரல் அளவு உயிருக்காக மூன்று ஏடு நிறைத்துவிட்டாரே என்று அரசர் வாய்விட்டுச் சிரித்தார். பெருந்தேவியார் சிரிக்கவில்லை. குஞ்சு விழுந்த செய்தியை மறுபடியும் படிக்கச் சொன்னார்.

விழுந்தது எலிக்குஞ்சு அன்று, வௌவால் குஞ்சே என்பது தேவியாரின் உறுதி. அதன் கைவிரல்களுக்கிடையே வெங்காயச் சருகுபோல் தோல் விரிந்திருந்ததா என்று எடுத்தவரைக் கேட்டறிக. இன்னும் ஐயமிருந்தால், கூரையடியில் கிடக்கும் எச்சத்தைக் குச்சியால் நசுக்கிப் பார்க்க. எலிப்புழுக்கை கெட்டியாய் நிற்கும், வௌவாலின் எச்சமோ பூச்சிச் சிறகின் மினுக்கத்தோடு பொடியாய் உதிரும். அவை புகும் பொத்தலின் விளிம்பும் எண்ணெய்க் கை பட்டதுபோல் கறுத்திருக்கும். அந்தியில் முற்றத்தில் அமர்ந்து நோக்கினால் எவ்வழியே எத்தனை வெளிவருகின்றன என்பது தெரிந்துவிடும். அங்கே குடியிருப்பவை பிள்ளை பெற்ற தாய்மார். அவை இரைக்குப் போகும்போது பறக்கத் தெரியாத குஞ்சுகள் உள்ளேயே தங்கும்.

இதைத் தேவியார் அறிந்த விதத்தை இருபத்துமூன்று ஆண்டுகளாய் எவரிடமும் சொன்னதில்லை. செருந்தி நங்கையைச் சுமந்த ஏழாந்திங்களில், அரசர் எல்லைப்போரில் இருந்தமையால், தாமே பூச்சுக்கரண்டி எடுத்து, வௌவால்கள் பறந்துபோன அந்தியில், சாளரத்துக்கு மேலே கையெட்டும் தூரத்திலிருந்த பொத்தலை அடைத்தார். ஒன்றையும் கொல்லாமல் காரியம் முடித்தோம் என்று மகிழ்ந்து படுத்தார். விடிந்து பார்த்தால், ஈரம் உலராத சுண்ணத்தின்மேல் தாய்மார் அப்பிக் கிடந்தன. உள்ளேயிருந்து கீச்சொலி கேட்டது. இடித்துத் திறக்க எழுந்த தேவியாரை, பூசிய பேற்றறையை உடைத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அரண்மனைப் பெண்டிர் தடுத்தனர். அச்சொல்லுக்கு அஞ்சி இரண்டு நாள் இருந்துவிட்டார். மூன்றாம் நாள் ஒலி மெலிந்தது. அன்று எவர் சொல்லையும் கேளாமல் உளி கொண்டு இடித்தார். உள்ளே பதினொரு குஞ்சுகள் இருந்தன. இரண்டுக்கே உயிர் இருந்தது. இதைச் சொல்கையில் தேவியார் அழுதார். ஓலைநாயகன் எழுத்தாணியைக் கீழே வைத்துக் காத்திருந்தான்.

ஆகவே வெள்ளிக்கிழமைப் பூச்சு வேண்டா. புகை போடலும் வேண்டா. நங்கையை இன்றே கீழ்த்திசை மாளிகைக்கு மாற்றுக. குஞ்சுகள் பறக்க ஒன்றரைத் திங்கள் போதும். நங்கைக்கோ இரண்டு திங்களுக்கு மேல் நாள் இருக்கிறது. அறை ஒன்றே ஆயினும் கூரைத் தாய்மாரும் நங்கையும் முறைவைத்துக்கொள்ளலாம். குஞ்சுகளும் கூடப் பறப்பதைக் கண்ணாரக் கண்டபின், பொத்தலின் மேல்விளிம்பில் மெல்லிய வலையைக் கட்டிக் கீழ்ப்புறம் தளர்வாய்த் தொங்கவிடுக. வெளிவருபவை நழுவி வந்துவிடும், திரும்ப நுழைய வழி காணா. ஏழு நாள் ஒன்றும் வெளிவராமை கண்டு அதன்பின் பூசுக. அடிப்புறம் திறந்த மரப்பெட்டி ஒன்றை முன்னரே மதிலின் உயரத்தில் மாட்டிவைத்தால் அவை அங்கே குடிபுகவும் கூடும். குன்றத்துக் கொசுக்கள் அவற்றுக்கு இரையாகிக் குறையட்டும். எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கலாகாது. நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டி அள்ளுக. குஞ்சை வெறுங்கையால் எடுத்தவர் யாராயினும் இவ்வோலை கண்ட கணமே ஓடும் நீரில் நெடுநேரம் கை கழுவி மருத்துவரிடம் செல்க. வௌவாலின் பல்லோ நகமோ பட்டால் கொடுநோய் வரக்கூடும்; சிறு கீறல்தானே என்று சும்மா இருந்துவிடலாகாது.

வழக்கம் தவறுகிறதே என்று ஏறனார் கலங்கவேண்டா. தகப்பன் கையால் அடைப்பது வழக்கமாகவே நிற்கும். கூரையில் குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை அத்தகப்பன் பொறுத்திருப்பதும் இன்றுமுதல் நாட்டு வழக்கம் என்று தேவியார் விதித்தருளினார்.

இவ்வோலையோடு பட்டில் பொதிந்த சுண்ணக்கட்டி ஒன்று வருகிறது. இருபத்துமூன்று ஆண்டுகள் தேவியாரின் நகைப்பேழையில் இருந்தது அது. அதன் மேற்புறத்தைத் தடவினால், ஈரமாயிருந்தபோது தாய்மார் பதித்த நகக்கீறல்கள் விரலில் தட்டும். நங்கைக்கு இப்போது காட்டவேண்டா. பிள்ளை பிறந்து அவள் மடியில் உறங்கும் நாளில் காட்டி, அவள் அன்னை செய்ததைச் சொல்லி, அவள் என்ன சொன்னாள் என்பதை மறுவோலையில் எழுதுக. மேலே கண்டவை யாவும் தாழைப்பூ முத்திரை பதித்த ஆணை. இவ்வொன்று மட்டும் வேண்டுகோள்.