ரெய்னோ நினைவுப் போட்டி

மே 29, திங்கள்

உருளைக்கிழங்கு நட்டு முடித்தேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. மர்யுத் போன் செய்தாள். எழுபதை நெருங்குகிற கிழவி ஏன் நாலு பாத்தி போட வேண்டும் என்று கேட்டாள். தின்பதற்கு என்றேன். மகளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. போர்க்காலத் துப்பாக்கிகள் மட்டும், நூற்றைம்பது மீட்டர், படுத்துச் சுட வேண்டும், பத்துத் தோட்டா. வருடா வருடம் நடப்பதுதான். ஆனால் சங்கம் அனுப்பிய தாளில் இந்த முறை முதன்முதலாக ‘ரெய்னோ நினைவுப் போட்டி’ என்று அச்சாகியிருக்கிறது. என் வீட்டுக்காரர் போய் இரண்டு இலையுதிர்காலம் ஆகிறது. தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அவர் துப்பாக்கியைத்தான் எடுத்துப் போகிறேன். 1942-ல் செய்தது. என்னுடையதும் அதே காலத்ததுதான், அலமாரியில் சும்மா நிற்கிறது. அவருடையது எங்கே நோக்குகிறோமோ அங்கே போய் விழும், பதினோரு கோப்பை வென்றது. அவர் பேரில் நடக்கும் முதல் போட்டியை அவர் துப்பாக்கி ஜெயிக்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

ஜூன் 4, ஞாயிறு

92. இன்று மைதானத்தில் அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை. எழுந்து கால்சட்டையில் ஒட்டிய ஊசியிலைகளைத் தட்டியபோது அழுகை வந்துவிட்டது. ஐந்து நிமிடம் சந்தோஷமாக இருந்தேன். ஐந்தே நிமிடம்.

முதல் மூன்று பேரின் துப்பாக்கிகளையும் சோதிப்பது வழக்கம். போரில் படைக்கலக் கிடங்கிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், யாரும் கைவைத்துத் திருத்தியிருக்கக் கூடாது. ரெய்னோ இருந்தவரை சோதனை அவர் வேலை. இப்போது பென்த்தி. கையில் டார்ச்சோடு வந்தான். இரும்பும் மரமும் சேரும் இடுக்கில் ஏதோ மினுக்குகிறதாம். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்: “அன்னிக்கி, இதக் கழட்டிப் பாக்கணும்.”

முடியாது என்றேன். குழலையும் மரத்தையும் பிணைக்கும் அந்தத் திருகாணியைப் போருக்குப் பிறகு யாரும் தொட்டதில்லை என்று ரெய்னோ ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். என்னைக்கூடத் தொட விட்டதில்லை. அந்தக் காலத்துப் படைக் கம்மியர்களே குழல் ஆடாமல் உட்கார அதற்கு அடியில், மரத்தின் மேல், தகடு வைத்ததுண்டு, அது எல்லாருக்கும் தெரியும். பென்த்தி விதியைக் காட்டினான்: கழற்ற மறுத்தால் மதிப்பெண் ரத்து. யார் எழுதிய விதி? ரெய்னோ எழுதிய விதி. அவர் விதியை அவர் துப்பாக்கி மேலேயே, அவர் பேரில் நடக்கிற போட்டியிலேயே காட்டுகிறான். நான் போனால் முதலாவது யார்? 90 எடுத்த பென்த்தி.

பட்டாணி சூப்புக்கு நின்ற வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: “எட்டு தடவ அவருக்குப் பின்னாடி ரெண்டாவதா நின்னவன்தானே நீ. உயிரோட இருந்தப்ப கேக்கத் துப்பில்ல. செத்தப்புறம் டார்ச் எடுத்துக்கிட்டு வர்றியா?”

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தாளில் என் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டான். சூப் குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 5, திங்கள்

பென்த்தி. பெயரை எழுதினாலே பேனா தாளைக் கிழிக்கிறது.

ஜூன் 9, வெள்ளி

சங்கத் தலைவி ஹில்க்காவுக்கு நாலு பக்கம் முறையீடு எழுதி, நானே போய் அவள் வேலை பார்க்கும் நூலகத்தில் கொடுத்தேன். முப்பத்தோரு வருடம் இந்த ஊருக்குத் தபால் கொடுத்தவள் நான். என் கையால் கொடுத்த கடிதம் தொலைந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

மர்யுத் விட்டுத்தள்ளு என்கிறாள். “அப்பா போனப்புறம் உனக்கு யாரு கூடவாவது சண்ட போட்டாகணும்மா.” போனை வைத்துவிட்டேன். சண்டை போட ஆள் தேடி அலைகிறேனாம். தேடவே வேண்டாம், அதான் டார்ச்சோடு தானே வருகிறதே.

ஜூன் 15, வியாழன்

ஹில்க்கா கூப்பிட்டாள். ஜூலை 1 அன்று குழு கூடும், எல்லார் முன்னாலும் துப்பாக்கியைக் கழற்றுவார்கள். போர்க்கால வேலை என்று தெரிந்தால் என் 92 எனக்கு, பென்த்தி மன்னிப்புக் கேட்க வேண்டும். சரி என்றேன். அவன் எந்தக் குரலில் கேட்பான் என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 24, சனி

கோடை நடுநாள். ஏரிக்கரையில் வழக்கம்போலத் தீ மூட்டினார்கள். பென்த்தி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் ஊர் முழுக்கத் தொத்திறைச்சி தின்றபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

நீராவிக் குளியல் தனியாக. கல்லில் தண்ணீர் ஊற்றும்போது 1998 ஞாபகம் வந்தது. அந்த வருடம் இரண்டாவது வந்தது பென்த்தி அல்ல, நான். ரெய்னோ 94, நான் 93. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடை நடுநாளிலும் மேல்படியில் உட்கார்ந்து, “ஒரு புள்ளி, அன்னிக்கி. ஒரே ஒரு புள்ளி” என்று என் முழங்காலில் தட்டுவார். நானும் சிரிப்பேன். உண்மையாகவே சிரிப்பு வரும். சாம்பியனிடம், அதுவும் சொந்தப் புருஷனிடம், ஒரு புள்ளியில் தோற்றால் என்ன குறைந்துவிடும்?

ஜூன் 27, செவ்வாய்

குழு முன்னால் கழற்றும்போது உள்ளே துருவும் தூசியுமாக இருந்தால் ரெய்னோவுக்குத்தானே அவமானம். அதனால் முன்கூட்டியே நானே ஒருமுறை கழற்றித் துடைத்து வைக்கலாம் என்று சமையலறை மேசையில் போட்டேன்.

திருகாணி வெண்ணெயாகச் சுழன்றது. எண்பது வருடம் தொடாத திருகாணி அப்படிச் சுழலாது. அப்போதே கை நின்றிருக்க வேண்டும்.

குழலுக்கு அடியில், மரத்தின் மேல், மூன்றாக மடித்த தகடு. மெல்லிசு. நீல நிறம். பிரித்தேன். பாதிச் சிங்க முகம், அதன் கீழே 95 என்று எண்.

பீர் டப்பா. நாடே பனி ஹாக்கியில் தங்கம் வாங்கித் தெருவில் ஆடிய அந்தக் கோடையில், எல்லாக் கடையிலும் அடுக்கி வைத்திருந்த டப்பா. எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து நண்பர்களோடு குடித்தார். காலி டப்பாக்களைப் பொறுக்கிப் போட்டவள் நான்.

முதல் கோப்பை 1996-ல். அதற்கு முன் பதினைந்து வருடம் ஐந்தாவது, ஏழாவது. சிகரெட்டை விட்டதால் கை நடுக்கம் போய்விட்டது என்றார். சிகரெட்டை விட்டதற்காக நான் கேக் சுட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 28, புதன்

ஒரு புள்ளி.

ஒரே ஒரு புள்ளின்னு முழங்காலத் தட்டித் தட்டிச் சொன்னியேடா! இருபது வருசத்துக்கு மேல! சிரிச்சேனே நானும்!

அவனே சோதனை அதிகாரி, அவனே விதி எழுதியவன். அடுத்தவர் துப்பாக்கியை எல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தான். ஒரு முறை ஓர் இளைஞனை, விசையில் உரசல் தெரிகிறது என்று மைதானத்திலிருந்தே அனுப்பினான். அந்தப் பையன் அப்புறம் வரவே இல்லை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, நான் வேலிக்கு வர்ணம் அடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மற்றவர்களை ஏமாற்றினான், சரி, ஆண்பிள்ளைப் போட்டி என்று வைத்துக்கொள்ளலாம். என்னை? ஒரே மேசையில் உட்கார்ந்து தோட்டா எண்ணியவளை? அன்று நான் சுட்டதுதான் என் வாழ்க்கையிலேயே நான் நன்றாகச் செய்த காரியம். அந்தப் பத்துச் சூட்டிலும் எனக்கு எந்தத் தகடும் இல்லை.

தகட்டை எடுத்து ஏரியில் வீசினால் முடிந்தது கதை. சனிக்கிழமை வெறும் மரத்தைத்தான் பார்ப்பார்கள். 92 எனக்கு. போட்டி அவன் பேரில். பென்த்தி மன்னிப்புக் கேட்பான். செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போகிறானா?

ஜூன் 30, வெள்ளி

தகட்டை இருந்தபடியே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துத் திருகி மூடினேன். ஏன்? தெரியவில்லை. இரண்டு முறை படகுத்துறை வரை போய்விட்டுத்தான் வந்தேன்.

ஜூலை 1, சனி

சங்க வீட்டில் ஐந்து பேர், காப்பி, ஏலக்காய் ரொட்டி. யாரும் ரொட்டியைத் தொடவில்லை. பென்த்தி விளக்கின் கீழ் குனிந்து கழற்றினான். நான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். நீலம் தெரிந்த நொடி அவன் தாடை அசைந்தது. மற்றவர்களுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது.

உடனே மூடினான். இரண்டு சுற்றுத் திருகினான். “போர்க்காலத்து வேலதான். கம்மியர் வச்ச பித்தளத் தகடு. நாந்தான் தப்பாப் பாத்துட்டேன். மன்னிச்சுக்கோ அன்னிக்கி.”

நாலு வாரமாகக் காத்திருந்த மன்னிப்பு. ஹில்க்கா பெருமூச்சு விட்டுக் காப்பியை எடுத்தாள். நான் தலையாட்டியிருந்தால் போதும். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் இந்த நாலு வாரத்தில் வந்ததையெல்லாம் தின்றுவிட்டது. எனக்குப் பிச்சை போடுகிறான். கிழவி, விதவை, பாவம் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான்.

“திருப்பிக் கழட்டு” என்றேன்.

“விடு அன்னிக்கி.”

“நீ கழட்டுறியா, நான் கழட்டட்டுமா?”

நானே கழற்றினேன். தகட்டைப் பிரித்து ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில், எண் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தேன். என்னுடைய 92-ஐ அடிக்கச் சொன்னேன். போட்டியின் பெயரையும் எடுக்கச் சொன்னேன். 96 முதல் ரெய்னோ வாங்கிய பதினோரு கோப்பையையும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஹில்க்கா பாவம், விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். “எறந்தவங்க மேல நடவடிக்க எடுக்க இதுல எடமில்லயே அன்னிக்கி.” எப்படி இருக்கும், எழுதியது அவனாயிற்றே.

ஜூலை 6, வியாழன்

பென்த்தி வந்தான். ஒரு வாளி சின்ன மீன் கொண்டுவந்தான். வாசலிலேயே நிற்க வைத்து, உன் இரக்கம் எனக்கு வேண்டாம் என்றேன்.

“இரக்கமா?” என்றான். முகம் சிவந்துவிட்டது. “உனக்காகவா மறச்சேன்? எட்டு வருசம் தோத்தேன். சாம்பியன்கிட்ட தோத்தேன்னு மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன். இப்ப ஊரு பூரா என்ன பீர் டப்பாகிட்ட தோத்தவன்னு சொல்லுது. நல்லா இருக்கா?”

நானும் அதே டப்பாவிடம் தோற்றவள்தானே. துப்பில்லை என்று அன்று வரிசை முன்னால் சொன்னது தப்பு என்றேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை, ஆனால் அவனுக்குப் புரிந்தது. மீனை மாவில் புரட்டிப் பொரித்தேன். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து ரெய்னோவைத் திட்டிக்கொண்டே தின்றோம். பென்த்தி திட்டுவதில் கெட்டிக்காரன். எனக்குத் தெரியாத சொற்கள் சில வைத்திருக்கிறான்.

ஆகஸ்ட் 12, சனி

மர்யுத்தோடு பெரிய சண்டை. அப்பா கல்லறையில் புல் மண்டிக் கிடக்கிறது, பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள் என்றாள். கிடக்கட்டும் என்றேன். “ஒரு தகரத் துண்டுக்காக நாப்பத்தாறு வருசத்தத் தூக்கிப் போடுவியா?” என்று அழுதாள். நான் தூக்கிப் போடவில்லை. அந்த நாற்பத்தாறில் எது தகடு வைத்தது, எது வைக்காதது என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வாரம் இருமுறை மைதானம் போகிறேன். என் துப்பாக்கியோடு. தோள் கன்றிப்போய் நீலம். குறி பார்க்கும் முள்ளைச் சரியாக வைத்தாலும் இடது பக்கம் இழுக்கிறது. நேற்று 71.

ஆகஸ்ட் 30, புதன்

78. இழுக்கும் அளவு பிடிபட்டுவிட்டது.

செப்டம்பர் 10, ஞாயிறு

இலையுதிர்காலப் போட்டி. பலகையில் யார் பேரும் இல்லாமல் வெறுமனே அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

நான் 85. பென்த்தி 86. இரண்டாவது.

அறிவித்தவுடன் அவனிடம் போய், கழற்று என்றேன். திருப்புளியைத் தயாராகச் சட்டைப் பையில் வைத்திருந்தான், படுபாவி. வெறும் மரம். எண்ணெய்க் கறைகூட எண்பது வருடத்துக்கு முந்தையது. பிறகு என்னுடையதைக் கழற்றச் சொன்னான், கழற்றினேன், வெறும் மரம். கை குலுக்கினோம். சூப் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

ஒரு புள்ளி. வழி நெடுக வண்டியில் கத்திக்கொண்டு வந்தேன், ஏழாவது சூட்டை அவசரப்பட்டு இழுத்தது நான்தான். என் தப்பு. எனக்கே எனக்கான தப்பு.

தேவாலயத்துக்குப் பக்கத்துக் கடைக்காரி வாசலில் ஊதாப் பூச்செடிகள் வைத்திருந்தாள். இரண்டு வாங்கிக் கல்லறைக்குப் போனேன். ஜூனுக்குப் பிறகு இன்றுதான். மேலே அவன் பெயர், கீழே என் பெயர், செத்த வருடத்துக்கு இடம் விட்டு. இங்கேயும் நான் இரண்டாவதுதான். நின்றபடியே அரைமணி நேரம் சொன்னேன், பென்த்தியிடம் கற்ற சொற்கள் உட்பட. பக்கத்துக் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு புல்லைப் பிடுங்கினேன், முழுவதும். ஒரு செடியை என் பெயருக்கு முன்னால் நட்டேன். மற்றது இன்னும் காரில் இருக்கிறது. வாடிவிடக் கூடாதென்று தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.