மாமன் மடியில் மறுபடி பிறந்தவருக்கு

மாமா,

நேற்று நம் பெரியவனுக்கு அறுபதாம் கல்யாணம். மீன்சுருட்டியில் மண்டபம் பிடித்து நடத்தினார்கள். தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் தடவத் தட்டு சுற்றி வந்தது. தாலி இல்லாத கை தொடக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தட்டு மட்டும் என்னைத் தாண்டிப் போயிற்று. யார் தாண்டிக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும், மறக்கவும் மாட்டேன். பெரியவன் மணையிலிருந்தே பார்த்துவிட்டான். தட்டை வாங்கி என் மடியில் வைக்கச் சொல்லி, "அம்மா, நீ தடவிக் குடு" என்றான். அரைத்த மஞ்சளின் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் மண்டபம் மறந்துபோயிற்று. உங்கள் நினைப்புதான்.

பக்கத்தில் இருந்த பேத்தி, "ஏன் அப்பத்தா, ஒரே ஆளையே திரும்பக் கட்டிக்கிறாங்களே, இதுல என்ன இருக்கு?" என்று சிரித்தாள்.

"இருக்குடி. உங்க தாத்தா அறுபது வரைக்கும் என்னைக் காக்க வைக்கல. சின்ன வயசுலயே ரெண்டாந்தடவையும் கட்டிட்டாரு" என்றேன்.

அவளுக்குப் பாதிதான் சொன்னேன். மீதி உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். அதனால் நான் படித்த மூன்றாம் வகுப்பு எழுத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கே எழுதுகிறேன்.

நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, பினாங்கில் கடை வேலை என்று அரியலூரில் ரயிலேறிப் போனீர்கள். வரும்போது பட்டுப் புடவை கொண்டுவருகிறேன் என்று முதல் கடுதாசியில் எழுதியிருந்தீர்கள். அப்புறம் ஜப்பான்காரன் அந்தத் தேசத்தைப் பிடித்தான். கடுதாசி நின்றது. ஆண்டிமடத்துச் சந்தையில் பர்மா என்றும் சயாம் என்றும் ஆளுக்கொன்று பேசினார்கள். உங்களைப் பெற்றவள் எனக்குச் சொந்த அத்தை, என் அப்பாவின் கூடப் பிறந்தவள். அவளும் நானும் ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து அந்த வருஷங்களை ஓட்டினோம்.

சண்டை ஓய்ந்த பிறகு கீழப்பழுவூர்க்காரர் ஒருவர் திரும்பி வந்தார். நம் வாசலில் நின்றுகொண்டு, "சயாம் காட்டுல ரயில் ரோடு போட எங்களக் கொண்டுபோனாங்க. ஒங்க புள்ளைக்குக் காலரா கண்டுடுச்சி. செத்தவங்களோட சேத்துப் போட்டுட்டுப் போனதை என் கண்ணால பாத்தேன்" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கண்டதைச் சொன்னார். என் கோபமெல்லாம் உங்கள் பெரியப்பாமேல்தான். உங்கள் அப்பா போன பிறகு குடும்பத்துக்கு அவர் வைத்ததே சட்டம்.

"எவனோ வந்து சொன்னா எம்புள்ள செத்துடுவானா?" என்று அத்தை கத்தினாள்.

"ஆவி அலையுது. வழி பண்ண வேணாமா?" என்றார் பெரியப்பா.

வைக்கோலும் தர்ப்பையும் சேர்த்து ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை கட்டினார்கள். உங்கள் கல்யாண வேட்டியை அதற்குச் சுற்றி எரித்தார்கள். பதினாறாம் நாள் ஏரிக்கரையில் உட்காரவைத்து என் தாலியை வாங்கினார்கள். வெள்ளைப் புடவையை என் தலையில் போட்டது பெரியப்பாவின் மனைவி. அந்த ஆடியிலேயே உங்கள் பங்கு நிலத்தில் அவருடைய ஏர் இறங்கியது.

ஐப்பசி மழையில் நீங்கள் வந்தீர்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அத்தைதான் முதலில் பார்த்தாள். தாடியும் எலும்புமாக ஓர் உருவம், கையில் ஒரு தகரக் குவளை. அத்தை ஓடிவந்து கட்டிக்கொள்வதற்குள் பெரியப்பா தடியைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"நில்லுடா. காரியம் முடிஞ்சவன் வாசப்படி ஏறக்கூடாது. வூட்டுக்கு ஆவாது."

உங்களை மாட்டுக்கொட்டகையில் தங்க வைத்தார்கள். என்னை உங்கள் பக்கம் விடவில்லை. கன்றுக்குக் கஞ்சித்தண்ணீர் வைக்கிற சாக்கில் வந்தேன். என் வெள்ளைப் புடவையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு செத்தது?" என்று கேட்டீர்கள்.

"நீங்கதான்" என்றேன்.

நமக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அழுகை பிறகு வந்தது.

பெரியப்பா ஓர் ஐயரை அழைத்து வந்தார். கரும காரியம் முடிந்தவன் திரும்பி வந்தால் மறுபடி பிறக்க வேண்டும், பிறந்த பிள்ளைக்குச் செய்கிறதெல்லாம் செய்து, காது குத்திப் பெயர் வைத்த பிறகுதான் வீட்டுக்குள் சேர்க்கலாம் என்றார் அவர். அத்தைக்கு உயிர் வந்தது. அப்போது பெரியப்பா அடுத்த பேச்சை எடுத்தார்.

"செத்தவனோட பொண்டாட்டி செத்தவனோட போச்சு. இவன் புதுசாப் பொறக்குறவன். புதுப் பொண்ணா பாத்துடுவோம். என் மச்சினன் மவ இருக்கா."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். எதிர்த்துப் பேசினால் சடங்கு நின்றுபோகும், மகன் கொட்டகையிலேயே கிடப்பான் என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். சடங்கு நடந்தால் நீங்கள் பிழைப்பீர்கள், என் புருஷன் செத்துப்போவார். இப்படி ஒரு கணக்கில் என்னை நிறுத்திய மனுஷனை நான் எந்த சாமி கேட்டாலும் மன்னிக்கிறதாயில்லை.

சடங்கு நடந்தது. விட்டத்தில் புடவை கட்டி உங்களைத் தூளியில் போட்டார்கள். சயாமிலிருந்து வந்த உடம்பு, தூளி தாங்கிவிட்டது. அத்தை சங்கில் சர்க்கரைத் தண்ணீர் எடுத்து உங்கள் வாயில் ஊற்றி, "குடிச்சிக்க சாமி, அழுவாத" என்றாள். அழுதது அவள்தான். அடுத்து காது குத்து. முன்பு குத்திய ஓட்டை தூர்ந்துபோயிருந்தது. எந்தப் பிள்ளைக்கும் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். உங்கள் தாய்மாமன் என் அப்பா. பாவம், உங்கள் நீளக் காலைச் சுருட்ட வழியில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பத்தர் ஊசியைத் துடைத்து எடுத்தார்.

அந்த மடியைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. வெளியே வந்துவிட்டேன்.

"அப்பா, புள்ளைய எறக்கிட்டு எந்திரிங்க."

"ஏ புள்ள, நல்ல காரியத்துல அறுத்தவ முன்னால வராத" என்றார் பெரியப்பா.

"யாருக்கு அறுத்தேன்? இவருக்கா? அப்ப இவரு என் புருஷன். இல்ல, இன்னிக்குப் பொறந்த புள்ளைன்னா, மொறப்பொண்ணு யாரு? மாமன் மவ நான் இருக்கையில ஒங்க மச்சினன் மவளுக்கு இங்க என்ன வேலை? எதுன்னு ஒண்ணைச் சொல்லுங்க. அதுவரைக்கும் எங்கப்பா மடி இல்ல."

சபையில் யாரோ ஒரு கிழவி சிரித்துவிட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. உங்களை மெதுவாகப் பாயில் இறக்கிவிட்டு, தொடையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார்.

"மச்சான், எம்பொண்ணு கேக்குறது ஞாயம். மாமன் மடியில்லாம எவன் காது குத்துறான்னு பாக்குறேன்."

பெரியப்பா ஐயரைப் பார்த்தார். "தாய்மாமன் மனசு கோணினா ஒண்ணும் பலிக்காது" என்று ஐயர் சொல்லிவிட்டார். "என்னமோ பண்ணித் தொலைங்க" என்று தடியை எடுத்துக்கொண்டு பெரியப்பா களத்துப் பக்கம் போனார். அப்பா மறுபடி உட்கார்ந்தார். காது குத்தினார்கள். அன்றைக்கே, தங்கம் தேட நேரமில்லாமல், மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றை என் கழுத்தில் கட்டினீர்கள்.

எல்லாம் சரி. இத்தனையும் நடக்கும்போது நீங்கள் வாயைத் திறக்கவில்லையே, மாமா. ஒரு வார்த்தை, "இவதான் என் பொண்டாட்டி" என்று. நாலு பிள்ளை பெற்ற பிறகும், முந்திரிக் கொல்லையில் குனிந்து கொட்டை பொறுக்கும்போதும், கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசிவரை ஒரே பதில்தான் வைத்திருந்தீர்கள்.

"பொறந்த புள்ள பேசுமாடி?"

சிரித்துத் தொலைப்பேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பட்டுப் புடவையும் பாக்கிதான்.

உங்களோடு பிழைத்தது சுலபமில்லை. பக்கத்து ஊருக்குப் போனாலும் மடியில் ஒரு பிடி பொரி முடிந்துகொண்டுதான் கிளம்புவீர்கள். தட்டில் ஒரு பருக்கை விட்டால் பிள்ளைகளை அடிப்பீர்கள். சயாமைப் பற்றி யார் கேட்டாலும் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவீர்கள். என்னிடமும் சொன்னதில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன். பெரியப்பா செத்தபோது, "என்ன இருந்தாலும் பெரியவரு, வா" என்று என்னைக் கூட்டிப்போனீர்கள். வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். கை வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கைக்கு ஒன்றுமில்லை, மனசுதான் வரவில்லை.

ஒன்றுமட்டும் உங்களிடம் சொன்னதில்லை. வைக்கோல் பொம்மை எரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பயம். நான் பார்க்காத இடத்தில் நீங்கள் போய்விடுவீர்கள், இன்னொருத்தன் வாசலில் வந்து நின்று சேதி சொல்லுவான் என்று. நீங்கள் பெரம்பலூர் சந்தைக்குப் போய் பஸ் தவறினாலும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்தால் திட்டுவேன். ஏன் திட்டுகிறேன் என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

கடைசி நாள் காலை கஞ்சி கொடுத்தேன். கொஞ்சம் குடித்தீர்கள். போதும் என்று கை காட்டிவிட்டு என் தோளில் சாய்ந்தீர்கள். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். கூப்பிட்டுப் பார்த்தேன். பெண்கள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். "இருங்கடி, நான் இன்னும் பாத்து முடிக்கல" என்றேன். உடம்பின் சூடு முழுக்க ஆறும்வரை யாரையும் தொடவிடவில்லை. பிறகு கழுத்துக் கயிற்றை நானே கழற்றிக் கொடுத்தேன். கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும். யார் யார் பேசினார்கள் என்றும் தெரியும்.

அன்றைக்கு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன், மாமா. சேதி சொல்ல இனி ஒருத்தனும் வர முடியாது. பயம் இறங்கிவிட்டது. இடது தோளில் உங்கள் தலையின் கனம் மட்டும் இன்னும் இருக்கிறது. அது இருக்கட்டும்.