இன்னும் ஆறு சென்டிமீட்டர்

பள்ளத்தூர்,
ஞாயிறு சாயங்காலம்.

அன்புள்ள அனுசுயாவுக்கு,

வீரபாண்டியன் எழுதிக்கொள்வது. நானும் கீர்த்தியும் சுகம். மஸ்கட்டில் நீயும் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து கொஞ்ச நேரமாவது காலை நீட்டி உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்பாய். நாம் பேசும்போது உன் மகள் என் தோளில் தொங்கிக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்கிறாள். அவள் காதில் விழக்கூடாத சங்கதி இது. அழகுராஜா லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். பத்தாவதில் தமிழில் நான் தேறியதே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் புண்ணியம். பிழை இருந்தால் அவனைத் திட்டிக்கொள்.

மே மாதம் நீ வருகிற இருபது நாளில் பிள்ளையைக் கூட்டிப்போக நல்ல பார்க்காகப் பார்த்து வையுங்கள், அவள் மறக்கவே கூடாது என்று சொன்னாய் அல்லவா? அதைக் கலெக்டர் உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டேன். மூன்று ஞாயிறு மோட்டார் கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, பிள்ளையை அக்காவிடம் விட்டுவிட்டு, பைக்கில் தனியாகப் போய்ப் பார்த்து வந்தேன். சோணையம்மாள் அக்காவை உனக்குத் தெரியுமே. “எந்தம்பி நாப்பது வயசுல ராட்டினம் ஆடப் போறாராம்த்தா” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. இப்போது பால்காரர்கூட என்னைப் பார்த்தால் கையைச் சுற்றிக் காட்டுகிறார்.

முதலில் பார்த்தது திருச்சிப் பக்கம். மலை உயரத்துக்குத் தண்ணீர்ச் சறுக்கு, காது கிழிகிற பாட்டு, எல்லாம் காலேஜ் பிள்ளைகளுக்கானது. ஐந்து வயசுக்கு என்று இருந்தது சுற்றி வருகிற ஒரு பிளாஸ்டிக் யானை மட்டும். பிள்ளையை ஏற்றுமுன் நாம் ஏறிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். யானை ஒரு முனகு முனகி நின்றுவிட்டது. பேரிங் போயிருக்கிறது, சத்தத்திலேயே தெரிகிறது என்றேன். அங்கிருந்த பையன், “பேரிங் நல்லாத்தாண்ணே இருந்துச்சு, நீங்க ஏறுற வரைக்கும்” என்று சொல்லிவிட்டான்.

இரண்டாவது மதுரைப் பக்கம். நிழல் உண்டு, கக்கூஸ் சுத்தம், சாப்பாடும் மோசமில்லை. ஆனால் வாசலிலேயே கரடி வேஷம் போட்ட ஒருவன் வருகிறவர்களை எல்லாம் கட்டிப்பிடிக்கிறான். திருவிழாவில் புலி வேஷக்காரரைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தது. பிள்ளை என்ன, பின்னாலிருந்து பிடித்ததில் எனக்கே உயிர் போய் வந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மூன்றாவது, திருப்பத்தூர் தாண்டி, தோப்புக்குள் சின்னதாக ஒன்று. அனு, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பாட்டு இல்லை, கூச்சல் இல்லை. வேப்பமரங்களுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி வெட்டி, அதில் தாமரைப் பூப்போலச் செய்த படகுகளை விட்டிருக்கிறார்கள். பெரியவர் நடக்கிற வேகம்கூட இல்லை. படகு மெல்லப் போய் ஒரு குகைக்குள் நுழைகிறது. உள்ளே மேலெல்லாம் சின்னச் சின்ன விளக்கு, கீழே தண்ணீரிலும் அதே விளக்கு. எது வானம் எது தண்ணீர் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. அந்தப் பக்கம் வெளியே வந்தால் வேப்பம்பூ மடியில் விழுகிறது. மோட்டார் எங்கே ஓடுகிறது என்று தரையில் காதை வைத்துக் கேட்டேன். தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிற மாதிரி சத்தம். கரையில் உட்கார்ந்து எத்தனை படகு போனது என்று எண்ணாமலே மத்தியானம் முழுவதும் போய்விட்டது.

வாசலில் ஒட்டகச்சிவிங்கிப் படம் வரைந்து அளவு போட்டிருக்கிறார்கள். நூற்றுப் பத்து சென்டிமீட்டர் இருந்தால் பிள்ளை படகில் தனி இடத்தில் உட்காரலாம். எம்மக நூத்திப் பன்னெண்டு என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கேட்டில் நின்ற சின்னக்கருப்பு என்கிறவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கொண்டையோட அளந்தீகளா, கொண்டை இல்லாமலாண்ணே?” என்று கேட்டார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதி, கோயிலுக்கு முடி வளர்த்து உச்சியில் கொண்டை போட்டுத்தான் வருகிறதாம். தகப்பன்மார்கள் எல்லாம் என்னைப்போலவே ஏமாறுகிறார்களாம்.

கருப்பர் கோயிலில் மூன்று வயசில் போட வேண்டிய மொட்டை, நீ வந்த பிறகுதான் என்று தள்ளித் தள்ளி, முடி இன்னும் தலையில் இருக்கிறதே. வீட்டுக்கு வந்து கொண்டையை அவிழ்த்து, தண்ணீர் தடவிப் படிய வாரி நிறுத்தி அளந்தேன். நூற்று நான்கு. எனக்கு முகம் செத்துப் போனது.

மறுபடி போய்ச் சின்னக்கருப்பிடம் விசாரித்தேன். அன்றைக்கு என்னைப்போலத் தனியாகப் போகிற பெரியவருக்குப் பெல்ட் கிடையாது, அளவு எட்டாத பிள்ளை என்றால் பெரியவர் மடியில்தான் உட்கார வேண்டும், இரண்டு பேரையும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவார்கள் என்றார். சரி, நான் இருக்கிறேனே என்று உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தேன். மடியில் பிள்ளை இல்லாதபோதே நான்கு விரல் பாக்கி. சின்னக்கருப்பு மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். இரண்டு விரல் குறைந்தது, கண் இருட்டியது. “விடுங்கண்ணே, பிள்ளையோட அம்மாவ வரச் சொல்லுங்க” என்றார். வருகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் விஷயம். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டபோது கீர்த்தி பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, “போன் அம்மா வந்தா நான் எங்க படுக்கிறது?” என்று கேட்டாள். நெட்வொர்க் சரியில்லை என்று நீ வைத்துவிட்டாய். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் அக்காவிடம் பேசியிருக்கிறாய். இரண்டு வயசில் விட்டுவந்த பிள்ளை, என்னைக் கண்டால் பயப்படுகிறது, லீவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுகிறேன், அதற்குள் பழகிக்கொள்ளட்டும் என்று. “தம்பிகிட்டச் சொல்லாதேன்னுச்சு, அதனால உங்கிட்ட மட்டும் சொல்றேன்” என்று அக்கா என்னிடம் சொன்னது.

குற்றம் பிள்ளை மேலும் இல்லை, உன் மேலும் இல்லை. ராத்திரி போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, “அம்மா தூங்குது, தொடாதே” என்று மூன்று வருஷமாகச் சொல்லி வந்தவன் நான். அதுதான் அம்மா என்று அவள் நினைத்துக்கொண்டாள். கிண்டலாகச் சொன்னது இப்படி வேர் விடும் என்று இந்த மரமண்டைக்குத் தெரியவில்லை.

போன வாரம் படகைப் பற்றி அவளிடம் சொன்னேன். மடியில்தான் உட்காரணும், அப்பாவுக்கு பெல்ட் எட்டலை, அம்மா மடியிலதான் என்றேன். “போன் அம்மாவுக்கு மடி இருக்காப்பா?” என்று கேட்டாள். இருக்கு என்றேன். மறுநாள் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், முற்றத்தில் துணி ஊறவைக்கிற பெரிய பேசினுக்குள் முன்விளிம்பை ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். நன்றாகச் சாய்ந்து உட்காரேன் என்றால், பின்னால் இருக்கிற இடம் அம்மாவுக்காம். தினமும் அப்படித்தான் உட்காருகிறாள். நேற்று அந்த இடத்தில் ஒரு தலையணை வைத்திருந்தாள்.

அனு, நான் கணக்கில் மட்டம்தான். இதை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டேன். போன வருஷம் தலையை ஒட்டிச் சுவரில் போட்ட கோட்டுக்கு மேல் இப்போது ஏழு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். அடுத்த மே மாதம் கொண்டை இல்லாமலே நூற்றுப் பத்தைத் தாண்டிவிடுவாள். அப்போது அவளை யாரும் மடியில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். தனி இடம் கொடுத்துவிடுவார்கள்.

அதனால் டிக்கெட்டில் கை வைக்காதே. வந்தவுடன் கருப்பர் கோயில், மொட்டை, அப்புறம் படகு. சந்தனம் பூசின தலை உன் தாடைக்குக் கீழே இருக்கும், குகைக்குள் விளக்கு வரும்போது அவள் உன் கையைத்தான் பிடிக்க வேண்டும், வேறு கை அங்கே கிடையாது. நான் உங்கள் இரண்டு பேர் செருப்பையும் வைத்துக்கொண்டு கரையில் நிற்கிறேன். படகு ஒரு சுற்று வர எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்பேன், எனக்குப் பழக்கம்தான்.

கருப்பர் துணை இருப்பார். பத்திரமாக வந்து சேர்.

பெல்ட் எட்டாத உன்
வீரபாண்டியன்